அசலில் உள்ள அலறல்

இந்த மின்விசிறிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டால் கிறீச்சிடுவது நின்றுவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. தொழில் அப்படி. நான் ஒலிப்பதிவுக்காரன்.

டயர் கடைக்கு மேலே ஒரு அறை. அதில்தான் எங்கள் இசைக்குழு. ஊரறிந்த ராக் பாடல்களை அப்படியே திரும்பப் பாடிப் பதிவு செய்வோம். பாடுவது என் தங்கையின் கணவர். டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு பல் டாக்டர். மாப்பிள்ளைக்கு நல்ல குரல். என்ன, அசலோடு நிற்கமாட்டார்.

"என் பாணியில ஒரு தடவை பாடிப் பாக்கட்டுமா, மச்சான்?"

"உங்க பாணி யாருக்கு வேணும், மாப்ள? கேக்கறவங்க அசலைத்தானே தேடுவாங்க."

நான் கோபப்பட்டுப் பேசவில்லை. எனக்குக் கோபமே வராது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

முதல் பாட்டில் அசல் பாடகருக்கு ஜலதோஷம். கூர்ந்து கேட்டால் மூக்கடைப்பு தெரியும். மாப்பிள்ளையின் சட்டையை நனைத்து, ஏசிக்கு நேராக உட்கார வைத்தேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். பிறகு நிமோனியா என்றார்கள். பாட்டு அருமையாக வந்திருந்தது.

அடுத்தது, மனைவி விட்டுப்போனவன் பாடுகிற பாட்டு. இதற்கு ஈரச் சட்டை போதாது. தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, அவரைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொன்னேன். அவள் பெட்டியைக் கட்டினாள். மாப்பிள்ளை சரணத்தில் உடைந்து அழுதார், ஆனால் அரைத் தாளம் முந்திவிட்டது. மறுபடி அழச் சொன்னேன். பாவம், அழுதார். தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்னொரு பதிவு தேவைப்பட்டால் என்ன செய்வது என்று தள்ளிப்போட்டேன்.

நீங்கள் விசாரிப்பது மூன்றாவது பாட்டைப் பற்றி. கடைசிப் பல்லவிக்கு முன் அதில் ஓர் அலறல் வரும். அசல் பாடகரின் காலில் ஸ்பீக்கர் பெட்டி விழுந்ததாம். அந்தச் சத்தத்தையே பாட்டில் விட்டுவைத்தார்களாம். மாப்பிள்ளை தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்தார். எல்லாம் பொய்க் கத்தல். ஆகவே அவர் தலைக்கு மேல் அலமாரியில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டியிருந்த பட்டையைத் தளர்த்தி, "ஒரு அடி பின்னால நில்லுங்க, மாப்ள" என்றேன்.

அலறல் என்றால் அதுதான் அலறல், ஐயா. சுருதிகூட விலகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வலது பாதம் நொறுங்கிப் போச்சுங்க, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க" என்று பதறினார் பல் டாக்டர். கூப்பிட்டேன். வழி காட்டுவதற்கு அவரைத் தெருவுக்கு அனுப்பினேன். அப்புறம்தான் கவனித்தேன், பதிவு பட்டனை நான் அழுத்தவே இல்லை.

தவறு முழுக்க என்னுடையது. மாப்பிள்ளையிடம் மனதார மன்னிப்புக் கேட்டேன். பட்டனை அழுத்தினேன். பெட்டியைத் தனியாளாக மேலே ஏற்றினேன், லேசுப்பட்ட வேலையில்லை. அவருடைய இடது கால் நன்றாகத்தான் இருந்தது.

அலறலுக்கு முன்னால், "வேண்டாம் மச்சான்" என்று அவர் கெஞ்சுவதும் பதிவாகிவிட்டது. அசலில் அது கிடையாது. கவலைப்படாதீர்கள், அதை மட்டும் தெரியாதபடி வெட்டிவிட்டேன்.