அவர்கள் நம்மிடம் கேட்டது

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, சமூகப்பணித் துறைத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் கணவரே, மகளே, வகுப்பை விட்டுவிட்டு வந்து சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் வணக்கம். நாற்காலி காலியாகத்தானே கிடக்கிறது, உட்காருங்கள் பிள்ளைகளே. நானும் உட்கார்ந்தே பேசலாமா என்று கேட்க நினைத்தேன். அவ்வளவு அசதி.

பேராசிரியர் அம்மையார் மறைந்து ஒன்பது நாளாகிறது. இந்தத் துறையில் முப்பத்தோர் ஆண்டு. மூன்று பாடநூல்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களின் முதுமை பற்றி ஓர் ஆய்வு. இதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் ஒரே பட்டியலையே வாசித்தார்கள். அம்மையார் இருந்திருந்தால் ஓரத்தில் பென்சிலால், "இது ஏற்கெனவே வந்துடுச்சு" என்று குறித்திருப்பார்.

நான் ஒரே ஒரு வரியைப் பற்றிப் பேசுகிறேன். களப்பணிக்குப் போகும்போது நாம் ஒவ்வொரு வீட்டிலும் நிரப்பும் படிவம் இருக்கிறதே, அதில் முப்பத்தெட்டுக் கேள்வி. எத்தனை பேர், என்ன வேலை, என்ன நோய். எல்லாம் நாம் அவர்களைக் கேட்பது. அம்மையார் வந்த முதல் வருஷமே அதன் அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'அவர்கள் நம்மிடம் கேட்டது.' அந்த வரி காலியாக இருந்தால் படிவம் திரும்பி வரும். "மறுபடி போய்ட்டு வாங்க." மழையா? மறுபடி. வெயிலா? மறுபடி. பஸ் கிடைக்கவில்லையா? அதற்கும் மறுபடிதான்! திங்கட்கிழமை போவதற்கு, செவ்வாய்க்கிழமை மறுபடி போவதற்கு. அதற்காகவே வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்று போராடி வாங்கினார்.

நீங்கள் 'மறுபடி மேடம்' என்று பெயர் வைத்தது அவருக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். ஐயா தலையாட்டுகிறார், பாருங்கள்.

நானும் மறுபடி போனவன்தான். மாணவனாக அல்ல, விரிவுரையாளராக! வேலைக்குச் சேர்ந்த புதிது. கிடங்குக் காவலாளி ஒருவர், தனியாள், ஒற்றை அறை. நானே போய் முப்பத்தெட்டையும் மளமளவென்று நிரப்பினேன். கடைசி வரியில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். அம்மையார் படித்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "வாங்க சார்" என்றார். போனோம். காவலாளி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். போட்ட கையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இருமல் விட்டுடுச்சா தம்பி? போன தடவையே கேட்டேன், நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க."

அம்மையார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பேனாவை மட்டும் நீட்டினார்.

நண்பர்களே! மூன்று வாரத்துக்கு முன் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். பேசுவதற்கு மூச்சு போதவில்லை. ஆனாலும் ஒன்று கேட்டார்: "செவ்வாய்க்கிழமை பிள்ளைங்க கிளம்பிட்டாங்களா சார்?"

"கிளம்பிட்டாங்க மேடம்" என்றேன்.

பொய். யாரும் கிளம்பவில்லை. செவ்வாய்க்கிழமைக் களப்பணியை எடுத்துவிட்டு வகுப்பு வைக்கலாமா என்று கல்லூரி நிர்வாகத்தில் துறையைக் கேட்டிருந்தார்கள். அம்மையார் படுக்கையில், பொறுப்பு என்னிடம். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாராவது மிரட்டினார்களா? இல்லை. முதல்வர், "யோசிச்சுச் சொல்லுங்க" என்றுதான் சொன்னார். நான் யோசிக்கவில்லை. பஸ் ஏற்றிவிடுவது, வெயிலில் அலைவது, பெற்றோருக்குப் பதில் சொல்வது, போதுமடா சாமி என்றிருந்தது. போய்வரத் திங்கட்கிழமை மிஞ்சுகிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடி போவதற்கு? அதற்குத்தான் நாள் இல்லை. அவர் என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லாரும் உறுதி சொன்னீர்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன். தாள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். முதல்வர் அவர்களே, அந்தக் கையெழுத்தை இந்த அவையில் திரும்பப் பெறுகிறேன். காலையில் கடிதம் உங்கள் மேசைக்கு வரும். நீங்கள் மறுத்தால் மறுபடி வருவேன். என் அசதி இன்று போகாது, நாளையும் போகாது. அசதியோடேயே வருவேன்.

பிள்ளைகளே, வருகிற செவ்வாய் காலை ஏழரைக்குக் கல்லூரி வாசலில் நிற்பேன். யார் படிவத்தில் கடைசி வரி காலியோ, அவர்கள் வாருங்கள்.

மேடம், நீங்க கேட்டதுக்கு நான் தப்பாப் பதில் சொல்லிட்டேன். பிள்ளைங்க இன்னும் கிளம்பலை. செவ்வாய்க்கிழமை கிளம்புறோம்.