தொற்று இல்லாத நாட்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். டாக்டர்களில் இது அபூர்வம். மற்றவர்கள் எழுதுவது கோழிக் கிறுக்கல். அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தொங்கும் பலகையைத் தினமும் நானே எழுதினேன்: 'குழாய்த் தொற்று இல்லாத நாட்கள்'.

கழுத்து வழியாக இதயத்தின் அருகே வரை நாங்கள் செலுத்தும் மெல்லிய குழாயைச் சொல்கிறேன். அதில் கிருமி சேர்ந்தால் நேராக ரத்தத்தில் இறங்கும். லேப் அதை உறுதி செய்தால் பலகையை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அறுவைப் பிரிவுத் தலைவர் தன் பிரிவுப் பலகையை இரண்டு முறை அழித்தவர். "கை கழுவ சோப்பு வாங்கி அனுப்பட்டுமா?" என்று லிஃப்டில் எல்லோர் முன்பும் கேட்டேன். முகம் சுண்டிப்போய், மூன்று வாரம் படிக்கட்டில் ஏறினார்.

இருநூற்றுத் தொண்ணூற்றேழாம் நாள் ஒரு பஸ் டிரைவருக்குக் காய்ச்சல் கண்டது. விபத்தில் வந்தவர், தேறியிருந்தார். முந்தின நாள்கூட மனைவியிடம் வீட்டு மோட்டாரை ரிப்பேர் பார்த்தாயிற்றா என்று விசாரித்தார். நர்ஸ் ஓடி வந்தாள். எதற்கெடுத்தாலும் பதறுகிறவள், சைரன் என்று நான்தான் பெயர் வைத்தேன்.

"சார், குழாய் போட்ட இடம் செவந்திருக்கு. சீழ் வருது. எடுத்துட்டு, நுனிய லேபுக்கு அனுப்பிடலாமா?"

"நீ எப்போ டாக்டருக்குப் படிச்ச?"

எடுத்தால் ஏன் எடுத்தேன் என்று எழுத வேண்டும். அப்படியே விட்டேன். ரத்தப் பரிசோதனையும் வேண்டாம் என்றேன். நிமோனியா என்று எழுதி, அதற்கு மருந்து போட்டேன்.

"நேத்து நல்லா பேசினாரே டாக்டர். இன்னைக்கு ஏன் இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது?" என்றாள் மனைவி.

"நெஞ்சுல சளிம்மா."

நம்பிவிட்டாள். இவர்கள் எதையும் நம்புவார்கள்.

தினமும் காலையில் சீழைத் துடைத்து, மேலே புது பிளாஸ்திரி ஒட்டினேன். உருவியிருந்தால் பிழைத்திருப்பார். எனக்கு அது முதல் நாளே தெரியும். முப்பது வருடம் சும்மாவா வேலை பார்த்தேன்? நான்காம் நாள் விடியலில் இறந்தார். அன்று முந்நூறு என்று எழுதினேன். அறுவைப் பிரிவுத் தலைவர் தேடி வந்து கைகொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இதற்கிடையில் சைரன், உடலிலிருந்து உருவிய குழாயைக் குப்பையில் போடாமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நுனியை வெட்டி லேபுக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் கிருமி இருந்ததால்தானே நீங்கள் விசாரணைக்கு வந்து எதிரே உட்கார்ந்து எழுதுகிறீர்கள். நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். இப்படி முதுகுக்குப் பின்னால் வேலை செய்கிறவளை நம்பி நோயாளிகளை எப்படி விடுவது? அதையும் கொஞ்சம் விசாரியுங்கள்.