ஆந்தைக் கணக்கைத் தாமே திருத்திய தில்லைநாதன் ஐயாவுக்கு

எண்ணிக்கையில் நேர்மையும் எல்லோரிடத்தும் இனிமையும் கொண்ட எங்கள் மேலதிகாரி தில்லைநாதன் ஐயா அவர்களே, வணக்கம்!

பளை தொடங்கி வவுனியா வரை காடுகளிலேயே பணிக்காலத்தைக் கழித்துவிட்டுத் தாங்கள் இன்று ஓய்வு பெறுகிறீர்கள். இத்தகைய மடலில் வெற்றிகளை எழுதுவது வழக்கம். நாங்களும் எழுத முயன்றோம், முடியவில்லை.

தண்ணீரூற்றுக்கு அப்பாலுள்ள குளங்காட்டை வெட்டிக் குடியேற்றத்துக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. மீன் தின்னும் பெரிய ஆந்தைகள் அங்கே வாழ்வதைக் காட்டினால் கரையோர மரங்களையாவது விட்டுவைப்பதாக மேலிடம் சொன்னது. ஆந்தையின் குரலை ஒலிப்பதிவுக் கருவியில் போட்டால், வேறோர் ஆந்தை தன் எல்லைக்குள் வந்துவிட்டதென எண்ணி உண்மை ஆந்தை பதில் கொடுக்கும். அந்தப் பதில்களை எண்ணுவதே எங்கள் வேலை. ஒரே பதிவின் இரு பிரதிகளோடு குளத்தின் இரு கரைகளிலும் நின்றோம். கோயிலில் மாலைப் பூசை மணி கேட்டதும் கிழக்குக் கரையினர் போட வேண்டும். நெடுநேரம் கழித்து, பள்ளிவாசலில் இரவுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் மேற்குக் கரையினர்.

கோயிலில் புராணப் படிப்பு நடந்த நாட்களில் பதில்கள் குவிந்தன. அறிக்கை போயிற்று, மரம் வெட்டுவது நின்றது. எங்களில் ஒருவரான இராசமலர் அலுவலகம் முழுவதற்கும் பாயாசம் காய்ச்சினார். தாங்கள் மட்டும் போதுமென்று விடாமல் மறுபடியும் எங்களைக் கூட்டிச் சென்றீர்கள். காற்று அடங்கிய மாலை அது; அன்றும் கோயிலில் புராணப் படிப்பு இருந்தது.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ?" என்றார் ஜீப் சாரதி பாறூக்.

"கேளும்."

"இந்த ஆந்தை சைக்கிளிலயோ வருது? கூவி முடிய மணி அடிக்குதே."

நாங்கள் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. குரலைப் பதிவு செய்தபோது தெருவால் போன யாரோ அடித்த சைக்கிள் மணி எங்கள் ஒலிநாடாவிலும் இருந்தது. படிப்பு நீண்டதால் பூசை பிந்தி, கோயில் மணியும் பாங்கும் ஒரே வேளையில் கேட்டிருக்கின்றன. இரு கரைகளும் ஒன்றையொன்று ஆந்தையென்று எண்ணியிருக்கின்றன.

"பேசாமல் விடுங்கோ ஐயா. காடாவது மிஞ்சட்டும்," என்றார் இராசமலர்.

"எனக்கும் அதுதான் ஆசை, பிள்ளை. ஆனால் பொய்க் கணக்கெண்டு தெரிஞ்சாப்பிறகு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

திருத்தம் எழுதினீர்கள். ஆந்தைகளின் பதில் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் கூடு காக்கும் ஆந்தை பதில் தராமலும் இருக்கலாம், இன்னொரு பருவம் பார்க்க வேண்டும் என்று எழுதினீர்கள். மேலிடம் முதற் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

கரையோரத்துப் பெரிய மருதமரம் வெட்டுண்டு விழுந்தபோது அதன் பொந்தில் ஓர் ஆந்தைக் குஞ்சு இருந்தது. தாங்கள் அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தீர்கள். குளத்து மீனை நறுக்கி ஊட்டினீர்கள், அது விழுங்கவில்லை. அது செத்த பிறகு தாங்கள் எங்களோடு பேசுவது குறைந்தது. நாங்களும் தங்கள் அறைப்பக்கம் வரவில்லை. காணி கிடைத்தவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை; அவர்களும் உழுது சாப்பிட வேண்டும். ஆனாலும் அந்தப் பக்கம் போக எங்கள் ஒருவருக்கும் மனமில்லை.

தாங்கள் திருத்தாவிட்டாலும் அந்தக் காடு நெடுநாள் நின்றிராது என்று ஆறுதல் எழுத நினைத்தோம். அது எங்களுக்குத் தெரியாது. தெரியாததை எழுதித் தங்களிடம் நீட்டக் கூச்சமாக இருந்தது.

நோயில்லாமல் நெடுங்காலம் வாழுங்கள், ஐயா. மன அமைதியோடு என்றும் முதலில் எழுதியிருந்தோம். வாசித்துப் பார்த்துவிட்டு அதை வெட்டிவிட்டோம்.

தங்கள் அன்பை மறவாத
காட்டுயிர்க் கணிப்பு அலுவலகப் பணியாளர்கள்
தண்ணீரூற்று, 1964