கோபுரம் தெரியும் ஜன்னல்

ஸ்டேஷனில் எனக்கு உட்கார நாற்காலி போட்டீர்களே, அதுவே பெரிது அய்யா. எங்கள் வீட்டு நாற்காலி அவருக்கு மட்டும்தான். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார், அதோடு சரி. சொன்ன சொல்லை மாற்றாத மனிதர். கடலூரில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வியாபாரம் செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழம்பில் உப்பில்லை என்று சொல்லிவிட்டாரென்றால், நான் உப்புப் போட்ட பிறகும் இல்லைதான்.

சாவுக்கும் அப்படியொரு சொல் வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொல்வார்.

"ஒடம்புல கத்தி படக் கூடாது. சிதம்பரத்துல கோபுரத்தப் பாத்துக்கினே கண்ண மூடணும். வலியில நானே கேட்டாலும் ஆஸ்பத்திரில சேக்காத, பட்டம்மா."

என் அம்மா திட்டக்குடியில் சாகக் கிடந்தபோது, போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். "அந்த வாசப்படிய மிதிக்கமாட்டோம்னு சொல்லியாச்சு" என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பேச்சுதானே இருக்க வேண்டும்.

போன வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். டாக்டர் வந்து பார்த்தார். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே ஆபரேஷன் செய்தால் பத்து நாளில் கடைக்குப் போய்விடுவார் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வாடகைக் கார் பிடித்தேன். டிரைவர் காத்தவராயனிடம் சிதம்பரம் என்றேன்.

பாதி வழியில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லுடி. நான் சாவ மாட்டேன்டி."

"நீங்க சொன்னதுதான் மாமா."

காத்தவராயன் இரண்டு தடவை வண்டியை நிறுத்தினான். "வலியில ஒளறுறாரு, நீ ஓட்டுப்பா" என்றேன். பாவம், அவன்மேல் கேஸ் போட்டுவிடாதீர்கள். அவர் பேச்சு மாறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

சிதம்பரத்தில் ஒரு சத்திரத்து மாடியில் ஜன்னலோரம் பாய் போட்டேன். மறுநாளெல்லாம் கத்தினார். டாக்டரைக் கூப்பிடவா என்று சத்திரத்து ஆள் கேட்டான். டாக்டர் பார்த்தாயிற்று என்றேன். பொய்யில்லையே.

அடுத்த நாள் காலையில் குரல் அடங்கிவிட்டது. கோபுரம் எதிரிலேயே இருந்தது, அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். மறுபடி என் பக்கமே திரும்பினார். கடைசியில் தலையை இரண்டு கையாலும் அழுத்தி, மூச்சு நிற்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டேன். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று அய்யா, அதையும் செய்யாவிட்டால் நான் என்ன பெண்டாட்டி.