நூல் பின்னால் நீளும்வரை

— கேட்டுச்சா? சாட்டை அடிச்ச மாதிரி பட்டுனு ஒரு சத்தம்.

— கேட்டுச்சே. கம்பீரமாத்தானே இருந்துச்சு?

— கம்பீரமெல்லாம் இல்லப்பா. அந்தச் சத்தம் வந்தா, தூண்டில் நுனியில கட்டின இறகுப் பூச்சி அறுந்து பறந்துடுச்சுன்னு அர்த்தம்.

— பூச்சி எங்க இருக்கு? நீ சிவப்புக் கம்பளி நூலையில்ல கட்டி விட்டிருக்கே.

— முள்ளோட குடுத்தா உங்க காதுலயே மாட்டிக்குவீங்க. முதல் நாள் யாரா இருந்தாலும் கம்பளிதான், புல்தரைதான். குளத்துப் பக்கமே விட மாட்டேன். இறகை வெச்சு ஒரு பூச்சி கட்டுறதுக்குள்ள எனக்குக் கண்ணு பூத்துப் போகுது, அதைப் போய்—

— சரி சரி, புரிஞ்சுது. சத்தம் ஏன் வருது? சுருக்கமா சொல்லு.

— பின்னால வீசின நூல் இன்னும் போய்க்கிட்டே இருக்கு. அது முழுசா நீள்றதுக்குள்ள நீங்க—

— முன்னால இழுத்துடறேன். புரிஞ்சுது. அடுத்தது?

— இப்பவும் அதையேதான் செஞ்சீங்க.

— எதை?

— ஒண்ணுமில்ல, விடுங்க. கையைக் காட்டுங்க. கோலை இப்படியா நெரிப்பாங்க? ஓடற பஸ்ல கம்பியைப் புடிச்ச மாதிரி! நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்சம் தளர்த்துங்க. ம், இப்ப வீசுங்க... பாத்தீங்களா, மணிக்கட்டு மடங்குது. அதனால கோல் பின்னால போய் மல்லாக்கப் படுத்துடுது, நூல் புல்லுல விழுது.

— வேணும்னு மடக்கலம்மா. அதுவா மடங்குது.

— எல்லாருக்கும் அதுவாதான் மடங்கும். கோலோட அடிக்கட்டையைச் சட்டைக் கைக்குள்ள சொருகுங்க. கைக்குட்டையைக் குடுங்க, மேல ஒரு கட்டுப் போடறேன். இப்ப மடக்கிப் பாருங்க.

— முடியல. கைதி மாதிரி இருக்கு.

— வகுப்புக்கு வர்றவங்க எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி இதையேதான் சொல்லுவாங்க.

— அவங்ககிட்டயும் இப்படித்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பாடம் நடத்துவியா?

— அப்பா, வரும்போதே பேசிக்கிட்டோம். தூண்டிலைப் பத்தி மட்டும்தான் பேச்சு.

— சரி தாயே. ரெண்டு வருஷமா போன்ல 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா'ன்னு கேட்டுட்டு வெச்சுடறே. அதுக்குத் தூண்டில் பேச்சு எவ்வளவோ தேவலாம். ஒரு சந்தேகம். ஈயக்குண்டு இல்லாம இது எப்படித் தூரம் போகும்?

— நூலேதான் கனம். தொட்டுப் பாருங்க, எவ்வளவு தடிமன்னு. அது பின்னால நீண்டு கோலை வளைக்கணும். வளைஞ்ச கோல் நிமிரும்போது நூலைத் தானா முன்னால தள்ளிடும். உங்க தோள் பலமெல்லாம் வேண்டாம்.

— எவ்வளவு நேரம் பொறுக்கணும்? கணக்கு சொல்லு, மனசுக்குள்ள எண்ணிக்கறேன்.

— எண்ணறதெல்லாம் கிடையாது. நூலை எவ்வளவு வெளிய விட்டிருக்கீங்களோ, அவ்வளவுக்குப் பொறுக்கணும். தலையைத் திருப்பிப் பாருங்க, நீண்டுடுச்சான்னு தெரியும்.

— திரும்பிப் பாக்கலாமா? கண்ணு முன்பக்கம், மீன் மேலதானே இருக்கணும்?

— கத்துக்கும்போது பின்னாலதான் பாக்கணும். யாரும் அதைச் செய்றதில்ல, கழுத்து வலிக்குதுன்னுடறாங்க.

— இந்தா, வீசறேன்... ஐயோ! இது என்ன, மூஞ்சி மேலயே வந்து விழுது?

— அசையாதீங்க. முடிச்சு விழுந்திருக்கு.

— நான் முடிச்சு போடலையே!

— நீங்கதான் போட்டீங்க. எடுத்த எடுப்புல மொத்த பலத்தையும் காட்டினா நூல் தன்மேலயே சுத்திக்கும். இருங்க, பிரிக்கறேன். இழுக்காதீங்கப்பா! இழுத்தா இறுகிடும்.

— எனக்குப் பொறுமைங்கறதே வரலம்மா. நான் இருந்த வேலை அப்படி. தீயணைப்பு கன்ட்ரோல் ரூம்ல போனை எடுத்தா எதிர்ல அழுவாங்க, கத்துவாங்க, சொந்தக்காரன் கதையெல்லாம் சொல்லுவாங்க. உக்காந்து கேட்டா வீடு எரிஞ்சே முடிஞ்சிடும். வெட்டிக்கிட்டு உள்ள நுழையணும். 'எங்க இருந்து பேசுறீங்க?' அதான் முதல் கேள்வி. இடம் தெரிஞ்சா வண்டி கிளம்பிடும். மிச்சத்தை அவங்க அப்புறம் அழுதுக்கலாம்.

— எனக்குத் தெரியாதா? நான் மார்க் சொல்ல ஸ்கூல்ல இருந்து போன் பண்ணப்பகூட முதல்ல அதைத்தான் கேட்டீங்க. அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

— அந்தக் கேள்வியால எத்தனை உசுரு பொழைச்சிருக்கு தெரியுமா?

— நான் இல்லேன்னு சொல்லலையே. இந்த முனையைப் புடிச்சுக்கோங்க. ம்... ஆமா, இந்த வயசுல திடீர்னு எதுக்குத் தூண்டில் ஆசை? காலைல கேட்டேன், மழுப்பிட்டீங்க.

— நான் போகப்போற இடத்துக்குப் பின்னால ஒரு ஏரி இருக்கு. அதுல மீன் பிடிக்கலாமாம். ஆனா இந்தப் பூச்சித் தூண்டில் மட்டும்தான் விடுவாங்களாம்.

— போகப்போற இடமா? எங்க போறீங்க?

— முதியோர் இல்லம்தான். ரூமெல்லாம் பாத்துட்டேன். ஜன்னலைத் திறந்தா தண்ணி. அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுவேன்.

— முடிச்சு அவுந்துடுச்சு. அம்மா இருந்த வீடுப்பா அது.

— அதனாலதான் போறேன். உங்கம்மா போனதுல இருந்து தினமும் ஒரே டம்ளரைக் கழுவி ஒரே டம்ளரைக் கவுத்து வைக்கறேன். பேச ஆள் கிடையாது. இப்பல்லாம் எனக்கு நானே பேசிக்கிட்டு, நானே குறுக்க வந்து பதிலும் சொல்லிக்கறேன்.

— சிரிக்க வைக்காதீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை—

— சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே? உனக்குத்தான் உன் குளம் இருக்கே. பாலம் வரையற இன்ஜினியர் வேலை! எவ்வளவு பெரிய வேலை! அதைத் தூக்கிப் போட்டுட்டு இந்தக் குளத்துக்கு வந்து, கண்டவன் கையைக் கைக்குட்டையால கட்டிக்கிட்டிருக்கே. அன்னிக்குத் திட்டினேன்தான். இன்னிக்குக் கேட்டாலும் திட்டத்தான் செய்வேன்.

— குளம் அப்புறம் வந்ததுப்பா.

— அப்புறமா?

— வேலையை விட்டு ரொம்ப நாள் கழிச்சு. வீட்டுல சும்மா உக்காந்தா மனசு கண்டதையும் நினைக்குதேன்னு இங்க வந்து வேடிக்கை பாத்தேன். அப்படியே ஒட்டிக்கிட்டேன்.

— அப்ப குளத்துக்காக விடலையா? பின்ன எதுக்கு வேலையை—

— நூல் புல்லுல தொய்ஞ்சு கிடக்கு. கோல் நுனியைத் தரையோட தாழ்த்துங்க. தொய்வோட ஆரம்பிச்சா, பாதி வீச்சு தொய்வை எடுக்கறதுலயே போயிடும்.

— நான் என்ன கேக்குறேன், நீ என்ன சொல்றே!

— தூண்டிலைப் பத்தி மட்டும். வீசுங்க. மெதுவா ஆரம்பிங்க. அப்புறம் வேகத்தைக் கூட்டி, காதுக்கு நேரா வந்ததும் டக்குனு நிறுத்துங்க. நிறுத்தினதும் கை ஆடக் கூடாது.

— பட்டுனுச்சு.

— ஆமா. கோவத்துல வீசினா அப்படித்தான். மறுபடி. இந்தத் தடவை திரும்பிப் பாக்கணும்.

— போகுது... போய்க்கிட்டே இருக்கு...

— பேசாம பாருங்க.

— ...

— இன்னும் கொஞ்சம்.

— ...

— இப்ப!

— அடேயப்பா! சத்தமே இல்ல! எங்கம்மா போச்சு அது?

— அதோ, வேலி ஓரத்துல சிவப்பா கிடக்கு பாருங்க.

— அவ்வளவு தூரமா? நானா வீசினேன்?

— நீங்கதான்ப்பா. நெஜமாவே நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை வீசுங்க, கை பழகிடும்.

— கை பழகினது போதும். நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, நான் கேட்டுடறேன். உங்கம்மா போன மறுமாசம், அன்னிக்கு போன்ல 'அப்பா, வேலையை விட்டுட்டேன்'னே. பின்னால ஒரே இரைச்சல். ஆபீஸ் கேன்டீன்னு நினைச்சேன். படிக்க வெச்சது இதுக்கான்னு கத்திட்டு போனை வெச்சுட்டேன். அதுக்கு மேல ஏதாவது சொல்ல வந்தியா நீ?

— ...

— சரி. நான் வாயைத் திறக்கல. நீ எப்ப சொல்றியோ சொல்லு.

— ...

— ...

— யார் போன் பண்ணாலும் முதல்ல ஒண்ணு கேப்பீங்களே. ராங் நம்பர்ல வந்தவனைக்கூட விட மாட்டீங்க. அன்னிக்கு எங்கிட்ட மட்டும்தான் அதைக் கேக்கல.

— எங்க இருந்தும்மா பேசினே?

— ரயில்வே ஸ்டேஷன்ல இருந்துப்பா. ரெண்டு பெட்டியோட, உங்ககிட்டயே வந்து இருந்துடலாம்னு டிக்கெட் எடுத்துட்டு.