மூன்றாம் தொட்டியில் சின்னது

— மறுபடியும் அள. ஸ்கேலை நேராப் பிடிடி.

— மூணு தடவை அளந்தாச்சுக்கா. ஒரே மாசத்துல ரெண்டு மில்லிமீட்டர் வளந்திருக்கு.

— வருஷக்கணக்கா அதே அளவுல நிக்கிற மீன் திடீர்னு எப்படிடி வளரும்? வேற தொட்டி மீனை மாத்திப் போட்டுட்டியா?

— இல்லக்கா, சத்தியமா! இடது பக்கம் வெள்ளைக் கோடு பாதியில அறுந்திருக்குல்ல? நம்ம மூணாம் தொட்டிச் சின்னதுதான்.

— தீனி கூடப் போட்டிருப்பே. உனக்குத்தான் எதைப் பாத்தாலும் பாவமா இருக்குமே.

— அதே கரண்டி, அதே அளவு. நோட்டுல எழுதியிருக்கேன், பாரு.

— தண்ணி சூடு?

— ஏறலை, இறங்கலை. விளக்கும் அதே நேரத்துக்குத்தான் போட்டு அணைக்கிறேன். எதையுமே மாத்தலைக்கா. அதான் ஓடி வந்து உன்னைக் கூப்பிட்டேன்.

— ஒரு மீன் வளந்ததுக்கா? நல்ல கூத்துடி இது.

— சிரிக்காதே. கோமாளி மீன்ல பெருசு இருக்கிற வரைக்கும் சின்னது வளராதுன்னு நீதானே சொன்னே? வளந்தா பெருசு முட்டியே கொன்னுடும், அதனால தன்னைத்தானே அடக்கி வெச்சுக்கும்னு.

— சொன்னேன். பெருசு துரத்துதா?

— காலையில இருந்து உத்துப் பாக்கறேன். ஒரு முட்டுகூட முட்டலை. சின்னதுதான் முந்திப் போய்த் தின்னுது. பெருசு மூலையில பேசாம நிக்குது. ஆனா உடம்புல ஒரு புள்ளி இல்லை, பளபளன்னு இருக்கு.

— மேல பளபளப்புதான். உள்ள ஏதோ முடியலை அதுக்கு. நமக்குத் தெரியறதுக்குள்ள சின்னதுக்குத் தெரிஞ்சுபோச்சு.

— ஐயோ, அப்படிச் சொல்லாதே. அம்மா போனப்புறம் பெருசு போட்ட முட்டையில பொரிச்ச குஞ்சை வித்துத்தானே இந்தக் கொட்டகையே நின்னுச்சு? காப்பாத்திடலாம்க்கா. தனித் தொட்டிக்கு மாத்தறேன். நீ அந்தக் காத்துக் குழாயை எடு. இது இல்லை, நீளமானது!

— ஓ! எனக்கே வேலை சொல்ற அளவுக்கு வந்துட்டியா?

— ஏதோ பதட்டத்துல சொல்லிட்டேன்.

— கோவமில்லடி. போன வாரம் நம்மகிட்ட மீன் வாங்கற கடைக்காரர் செத்த மீனுக்கு நம்ம மேல பழி போட்டப்ப, அவர் வாயை அடைச்சது யாரு? அதுக்கு முன்னாடி வண்டி ஓட்டக் கத்துக்கிட்டே, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. என் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னாடி ஒளியற பொண்ணு நீ.

— நீ திட்டுவேன்னுதான் பயந்துட்டே செஞ்சேன். நீ திட்டலை. அடுத்ததும் செஞ்சேன், அதுக்கும் திட்டலை. மூணு மாசமா நீ யாரையுமே திட்டலைக்கா. சில நேரம் அதுதான் இன்னும் பயமா இருக்கு... என்னாச்சு? ஏன் சுவத்தைப் பிடிச்சுட்டு உக்கார்றே?

— ஒண்ணுமில்ல. முதல்ல மீனை மாத்து.

— மீன் கிடக்கட்டும். என்னைப் பாரு. என்னக்கா?

— எனக்கும் உள்ள ஏதோ முடியலைன்னு டாக்டர் எனக்கே நேத்துதான்டி சொன்னார். நீ மூணு மாசம் முன்னாடியே வளர ஆரம்பிச்சுட்டே.