மூன்று முறை அடித்தால் புரட்ட வேண்டும்

கொசுவர்த்தியை இப்படித் தள்ளி வையுங்கள். இது என் கூட்டாளி ஜாபர் சாதிக்கின் மாமி மகளுக்கு நடந்தது. பெயர் குல்சும். ஊர் கீழக்கரைதான்.

வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணி. ஆண்கள் எல்லாரும் ஜும்மாவுக்குப் போய்விட்டார்கள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போகும் மணல் பாதையில் ஒரு காக்கைகூட இல்லை... குல்சும் மட்டும் நடக்கிறாள். புருஷன் இறந்து பதினோரு நாள்தான் ஆகிறது. இத்தா இருக்கிற பெண் வாசல் தாண்டக் கூடாது. அவள் தாண்டிவிட்டாள். முந்தானைக்குள் ஒரு சின்னப் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் பாக்கர் துபாயில் சாரத்திலிருந்து விழுந்தவன். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சும் போய்விட்டது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து மூளையில் மெல்லிய கம்பிகளைப் பதித்தார்கள். அவன் மனதில் நினைத்தால் போதும், கட்டிலருகே இருக்கும் பெட்டியில் மணி அடிக்கும். கிணுங்... ஒரு முறை என்றால் வா. இரண்டு முறை என்றால் தண்ணீர். மூன்று முறை என்றால் புரட்டிப் படுக்க வை. வலது இடுப்பில் படுக்கைப் புண் குழி விழுந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூன்று வருஷம், அவள்தான் புரட்டினாள். எப்போது தூங்கினாள் என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

கடைசி நாள் விடியலில் மூன்று முறை அடித்தது. "கொஞ்சம் இருங்க... வாரேன்" என்றாள். கண் சொருகிவிட்டது, பாவம். முழித்தபோது அவன் சில்லிட்டிருந்தான். புண் இருந்த வலப்பக்கமாகவே கிடந்தான்.

லுஹர் தொழுகைக்குள் அடக்கம் முடிந்தது. தலையிலிருந்த கம்பியை எடுக்க யாரும் சம்மதிக்கவில்லை. மய்யித்துக்கும் வலிக்கும் என்பார்கள் இல்லையா. குளிப்பாட்டி, கற்பூரமும் பஞ்சும் வைத்து, கபுருக் குழிக்குள் கிப்லா திசையைப் பார்த்து வலப்பக்கமாகக் கிடத்தினார்கள். எல்லாரையும் அப்படித்தான் கிடத்துவார்கள். புண்ணை யார் நினைத்தார்கள்?

அன்று இரவே மணி அடித்தது. மூன்று முறை. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி மூன்று.

"பெட்டி கெட்டுப்போச்சு மச்சி. பத்தடிக்கு மேல சிக்னல் எட்டாதுன்னு டாக்டரே சொன்னாரு" என்று கொழுந்தன் ரிஃபாய் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனான். அவன் போன பிறகு, பேட்டரி இல்லாத பெட்டி அடித்தது...

பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் மையவாடியில் அந்தப் பெட்டியைக் கபுரின்மேல் வைத்தாள். கிணுங்... கிணுங்... கிணுங். நிற்கவேயில்லை. கொதிக்கிற மணலை வெறுங்கையால் தோண்டத் தொடங்கினாள். "இந்தா வந்துட்டேன்... இந்தா புரட்டுறேன்..."

ஜும்மா முடிந்து வந்த ரிஃபாய்தான் அவளைப் பிடித்து இழுத்தான்.

"கபுரைத் தோண்டக் கூடாது மச்சி."

"பாரம் முழுக்க அந்தப் புண்ணு மேல இருக்கு தம்பி. ஒரே ஒரு தடவை புரட்டிட்டு மூடிருங்க."

அவள் காலில் விழுந்து கேட்டும் அவன் கேட்கவில்லை. மணலை மூடி, தண்ணீர் தெளித்துத் தட்டி, ஒரு பச்சைக் கொப்பை நட்டான். அவளைப் பெட்டியோடு வீட்டுக்குக் கூட்டி வந்து அறைக்குள் விட்டு வெளியே பூட்டினான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்குக் குறுக்கே படுத்தான்.

இரவு இரண்டு மணிக்கு அறைக்குள் பெட்டி அடிப்பதை அவனே கேட்டான். கிணுங்... கிணுங்... கிணுங். பிறகு சத்தமில்லை. நாலு மணிக்கும் அடிக்கவில்லை.

விடிந்ததும் மையவாடிக்கு ஓடினான். தட்டிய மணல் தட்டியபடியே காய்ந்திருந்தது. கொப்பு சாயக்கூட இல்லை. நிம்மதியாக வந்து பூட்டைத் திறந்தான்.

அறைக்குள் குப்பென்று கற்பூர வாசம். குல்சும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை ஈரமண். நகத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இப்ப இடப்பக்கம் படுத்திருக்காக தம்பி" என்றாள். "தள்ளிக்க. திரும்பப் புரட்ட நேரமாச்சு."